இன்ஷா அல்லாஹ்வுக்கு எத்தனை மதிப்பெண்?

கோவை கரும்புக்கடைப் பகுதியில் குடியிருக்கும் ஹுமேரா பத்தாம் வகுப்பு வரை மஸ்கட்டில் படித்தவள். அப்பா அங்கே தையல் கடையில் வேலை பார்த்தார். பக்கத்து வீட்டு ஓமானியப் பிள்ளைகளோடு தெருவில் ஆடி ஆடி அவர்கள் பேசும் அரபு அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பி, கல்யாணமாகி, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தபோது அந்தத் தெரு அரபுதான் கைகொடுத்தது.

மொழிபெயர்ப்பவளை இரண்டு பக்கமும் முழுசாக நம்புவதில்லை என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் சாலிம் வந்த பிறகு அவளும் எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

சாலிம் ஓமானின் சோகார் நகரத்துக் கால்பந்து வீரன். ஆட்டத்தில் திரும்பும்போது முழங்கால் மடங்கி, எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் கிழிந்துவிட்டது. இங்கே வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊருக்குப் போனவன், மறுபடி களத்தில் இறங்கலாமா என்று கேட்க அண்ணன் ஹிலாலோடு திரும்பி வந்திருந்தான். காலின் பலத்தைச் சோதிப்பதோடு மனசில் உள்ள பயத்தையும் அளக்க வேண்டும் என்றாள் பிசியோதெரபிஸ்ட் அன்புச்செல்வி. அதற்கென்று அரபியில் அச்சிட்ட கேள்விகள் இருந்தன. மறுபடி அடிபடுமோ என்ற பயமில்லாமல் ஆட முடியுமா, முட்டியை நம்பி ஓட முடியுமா என்பது போல. முழு நம்பிக்கை இருந்தால் பத்து, துளியும் இல்லையென்றால் பூஜ்யம்.

ஹுமேரா வாசித்தாள். எல்லாவற்றுக்கும் சாலிம் பத்து என்றான். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தான். பழையபடி ஆடுவாய் என்று நம்பிக்கை இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும், "இன்ஷா அல்லாஹ்" என்றான்.

"அது எத்தனைங்க?" என்றாள் அன்புச்செல்வி, பேனாவைப் பிடித்தபடி.

"அதுக்கு நம்பர் கிடையாதுங்க மேடம். கண்டிப்பாங்கறதுக்கும் அதைத்தான் சொல்லுவாங்க, பார்க்கலாங்கறதுக்கும் அதைத்தான் சொல்லுவாங்க."

எண் சொல்லும்படி மறுபடி கேட்டபோது சாலிம் நீளமாக என்னவோ பேசினான். "பத்துங்க" என்றாள் ஹுமேரா.

"ஏனுங்க ஹுமேரா, அவரு இத்தனை நேரம் பேசினாரு, நீங்க ஒத்தை வார்த்தையில முடிச்சுப்போட்டீங்க?"

"அல்லாஹ்வைப் புகழ்ந்தாருங்க, டாக்டருக்கு நன்றி சொன்னாரு. கடைசில பத்துன்னாரு."

அன்புச்செல்வி எழுதிக்கொண்டாள். நம்பியதாகத் தெரியவில்லை.

ஹுமேராவோ சாலிமை நம்பவில்லை. படி இறங்கும்போது அவன் கைப்பிடியை விடுவதே இல்லை. அண்ணன்காரன் மிரட்டித்தான் பத்து சொல்ல வைக்கிறான், தம்பி ஆடினால்தான் அவனுக்குப் பெருமை என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அன்புச்செல்வியிடமும் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஹிலால் ஜும்மா தொழுகைக்குக் கோட்டைமேட்டுப் பள்ளிவாசலுக்குப் போனான். தொழுகையில் முட்டி மடக்க இன்னும் சிரமம் என்று சாலிம் அறையிலேயே இருந்துகொண்டான். அந்த நேரம் பார்த்து அதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள்.

தனியாக இருந்தபோதும் பத்து என்றான்.

அன்று சாயங்காலம் கேன்டீனில் ஹிலால் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். "தங்கச்சி, உண்மையைச் சொல். அவன் பயப்படுறான்தானே? இன்னொரு தடவை முட்டி போனா எங்க அம்மா தாங்க மாட்டாங்க. ஆட வேண்டாம்னு டாக்டரைச் சொல்லச் சொல்."

ஹுமேரா கையிலிருந்த டீயை மேசைமேல் வைத்தாள். அவள் நினைத்தது தலைகீழாக இருந்தது. அண்ணன் மிரட்டவில்லை. அண்ணன் தடுத்துவிடுவானே என்றுதான் தம்பி பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவர் சொன்னதை அவர்கிட்டயே கேளுங்க அண்ணே" என்று எழுந்துவிட்டாள். ஹிலாலோடு அவள் உட்கார்ந்திருந்ததை எதிர்ப் படிக்கட்டில் நின்று சாலிம் பார்த்துவிட்டான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் அன்புச்செல்வி அவனை ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னாள். நல்ல காலில் துள்ளித் தாண்டினான். அறுவை செய்த காலில் நின்று, மூச்சை இழுத்து, முட்டியை மடக்கினான். கால் தரையை விட்டு எழவில்லை. "ஷூ சரியில்லை" என்றான்.

"பலமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. மனசு விடமாட்டேங்குது" என்றாள் அன்புச்செல்வி தமிழில்.

ஹுமேரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், அந்தக் கேள்வியெல்லாம் புஸ்தக அரபுங்க. போலீஸ் விசாரிக்கற மாதிரி இருக்குது. அவங்க ஊருப் பேச்சுல நான் விளக்கிச் சொல்லட்டுங்களா?"

"நீங்களே பதிலைச் சொல்லிக் குடுத்து வாங்கிப்போட்டீங்கன்னா? அப்புறம் அந்த நம்பரை வெச்சு நான் என்னங்க பண்றது?"

"அச்சுல இருக்கறதை அப்படியே வாசிக்கறனுங்க. புரியலைன்னா மட்டும் விளக்கறேன். வேணும்னா போன்ல பதிவு பண்ணி வேற யாருகிட்டயாவது கேட்டுக்கோங்க."

சாலிம் சம்மதித்ததும் அன்புச்செல்வி போனை எடுத்து வைத்தாள். ஹுமேராவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் முதல் கேள்வியை வாசித்தாள். பிறகு சோகார்க்காரன் காதுக்குப் பழகிய பேச்சில், "பந்து உன் பக்கம் வருது, எதிராளி காலை நீட்டுறான். உன் நெஞ்சு முன்னால போகுதா, பின்னால இழுக்குதா?" என்றாள்.

சாலிம் அவளை முறைத்தான். "இதையும் என் அண்ணன்கிட்டப் போய்ச் சொல்றதுக்கா? கேன்டீன்ல பார்த்தேன்."

அவள் அதையும் ஒரு சொல் விடாமல் அன்புச்செல்விக்குத் தமிழில் சொன்னாள். தன்மேல் வந்த பழியை மறைத்துவிடத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. அன்புச்செல்வி பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "நீங்க சொல்லாம யாருக்கும் காட்டமாட்டேன்னு அரபியில எப்படிங்க சொல்றது?" என்று கேட்டாள்.

ஹுமேரா சொல்லிக் கொடுக்க, அன்புச்செல்வி திக்கித் திக்கி, தன் ஊரான அன்னூரின் பேச்சு ராகத்தில் அந்த அரபு வாக்கியத்தைச் சொன்னாள். சாலிமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு" என்றான். அடுத்த கேள்விக்கு இரண்டு. தினமும் கனவில் அந்த முட்டி உடையும் சத்தம் கேட்கிறது என்றான்.

ஆட்டத்துக்கு இன்னும் தயாரில்லை என்று அவனிடம் சொன்னார்கள். பயிற்சி நீண்டது. ஹுமேரா தன் தெரு அரபியில் அதட்ட அதட்ட, தாழ்ந்த பலகையிலிருந்து குதித்தான், பிறகு உயரமான பலகையிலிருந்து. ஊருக்குக் கிளம்பும்போது அறுவை செய்த காலில் தாண்டினான். அண்ணனிடம் அவனே உண்மையைச் சொன்னான். ஒரேயடியாக ஆட வேண்டாம் என்று சொல்ல வந்த ஹிலால், அடுத்த பருவம் வரை பொறுத்தால் போதும் என்று இறங்கி வந்தான்.

இந்த வருஷம் சாலிம் களத்தில் இறங்கிவிட்டான். வீடியோ அனுப்பியிருந்தான். கீழே குரல் செய்தி ஒன்று. "அன்னைக்குக் கேன்டீன்ல என் அண்ணன்கிட்ட என்ன சொன்னே?"

ஒன்றும் சொல்லவில்லை என்று ஹுமேரா பதில் அனுப்பினாள். பதிலுக்கு அவன் "இன்ஷா அல்லாஹ்" என்று எழுதிச் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தான். நம்புகிறானா, கேலி செய்கிறானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.