ஓடாத பந்தயத்தில் ஜெயித்தவர்

அச்சகத்தில் நான் பார்ப்பது செக்கிங் வேலை. மிஷினில் இருந்து விழுகிற தாள்களைப் புரட்டி, கலர் விலகியிருக்கிறதா, தேதி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, கெட்டதை ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவனுக்கு இதைவிடத் தோதான வேலை அமையாது. ஏனென்றால் எனக்கு எதையும் நம்ப வராது. வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள். சாயங்காலம் வேன் பத்து நிமிசம் பிந்தினால் போதும், நான் ரோட்டுக்கும் வாசலுக்குமாக அலைவேன். எங்கேயாவது டமார் என்றால் மேலே புகை தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இங்கே எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் மற்றவர்கள் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க அதுதான் ஓடும்.

வருசா வருசம் காலண்டர் சீசனில் மதுரை ஏஜென்ட் ஒரு ஆர்டர் கொண்டுவருவார். வடக்கே ஏதோ ஒரு ஊரில் வருசத்துக்கு ஒரு தடவை லாரிப் பந்தயம் நடக்கிறது. நடத்துகிறவர்கள் டயர்க் கடைக்கும் லாரி ஆபீசுக்கும் கொடுக்கிற காலண்டர் அது. முழுக்க இங்கிலீஷ். கடைசித் தாளில் பந்தயத்தின் கதை இருக்கும். வருசத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஜெயித்த டிரைவரும் அவர் லாரியும், கீழே இரண்டு வரி. வருசத்துக்கு ஒரு கட்டம் கூடும்.

இங்கிலீஷில் எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. மாதிரியில் இருக்கிற எழுத்துத்தான் தாளிலும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பேன். கதையை ஏஜென்ட் டீ குடிக்கும்போது சொல்லுவார்.

"அந்த ரோடு நம்ம நாலுவழிச் சாலை மாதிரின்னு நெனைச்சுக்கிடாதீக அண்ணாச்சி. முட்டை மாதிரி வளைஞ்சு வரும். வளைவுல ரோடே கண்மாய்க் கரை கணக்கா சாஞ்சு நிக்கும். லாரி அதுல பக்கவாட்டுல ஏறி ஓடும்."

"கவுந்துராதா?"

ஏஜென்ட் முதலாளி பக்கம் திரும்பிச் சிரித்தார். "இவரு பாருங்க, முதல்ல கவுத்துத்தான் பார்ப்பாரு."

முதல் வருசம் வந்தது ஆறே லாரியாம். ஜெயித்தவர் முந்தின வாரம் வரைக்கும் தக்காளி லோடு அடித்தவர். இரண்டாம் வருசம் மழை வந்து, பாதியில் நிறுத்தி, மிச்சத்தை மறுநாள் ஓட்டினார்கள். மூன்றாம் வருசம்தான் பெரிய ரகளை. அந்தப் பந்தயத்தின் சட்டமே, லாரி கம்பெனியை விட்டு எப்படி இறங்கியதோ அப்படியே ஓட வேண்டும் என்பதுதான். முதலில் வந்தவரின் இன்ஜினைத் திறந்து பார்த்தால் வேகம் கூட டீசல் பம்ப்பில் கை வைத்திருக்கிறார். கோப்பையைப் பிடுங்கி இரண்டாவது ஆளுக்குக் கொடுத்தார்கள். அதில் இருந்து எல்லா இன்ஜினுக்கும் ஈயத்தால் சீல் வைத்து, ஓடி முடித்ததும் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். பந்தயத்தில் எனக்குப் பிடித்ததே அந்த சீல்தான். நம்மைப் போல ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்று ஒரு ஆறுதல். ஐந்தாம் வருசம் பெரிய மீசைக்காரர் ஒருவர் நீல லாரியில் ஜெயித்தார். ஆறாம் வருசமும் அவர்தான். அப்படித்தான் நம் காலண்டரில் இருந்தது.

இந்த சீசனில் ஏஜென்ட் வந்தபோது முகம் சரியில்லை. பழைய காலண்டர் ஒன்றை முதலாளி மேஜையில் விரித்தார்.

"ஆறாவது கட்டத்தைப் பாருங்க. அது ஊரடங்கு வருசம். அந்த வருசம் பந்தயமே நடக்கலை."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "அப்ப இந்த மீசை எப்படி ஜெயிச்சாரு?"

"அதைத்தான் அவுகளும் கேக்காக. நாலஞ்சு வருசமா இப்படியே அடிச்சிருக்கீக. ஒருத்தரும் பார்க்கலை. அஞ்சாம் வருசம் ரெண்டாவது வந்த டிரைவர் இப்பத்தான் ஒரு கடையில பார்த்துட்டுப் புகார் பண்ணிருக்காரு. எப்படி நடந்துச்சு, யாரு செஞ்சதுன்னு பதில் சொன்னாத்தான் ஆர்டர்."

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கேட்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"கட்டம் பூராம் கம்ப்யூட்டர் செக்‌ஷன்லதான் முதலாளி செய்யுறது. அந்தப் பிள்ளை அந்த வருசந்தான் புதுசா வந்துச்சு."

பொய் சொல்லவில்லை. அப்போது நான் அப்படித்தான் நம்பினேன். ஏஜென்ட் மேலும் சந்தேகம் இருந்தது, மீசைக்காரரே ஆளைப் பிடித்துப் போடச் சொல்லியிருப்பாரோ என்றுகூட ஓடியது. ஆனால் முதலில் கைகாட்டியது அந்தப் பிள்ளையை. அச்சங்குளத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறது. அதன் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் கை வெந்த பிறகு, அந்த வேனில் ஏறவே கூடாது என்று கம்ப்யூட்டர் படித்த பிள்ளை.

முதலாளி அதைக் கூப்பிட்டுக் கேட்டார். அது சுவரில் இருந்த தேதித்தாளையே பார்த்துக்கொண்டு சொன்னது: "நானா எதையும் மாத்த மாட்டேன் சார். புரூப்ல எழுதிக் கொடுத்ததைத்தான் செய்வேன்."

"புரூப் எங்கே?"

"அதெல்லாம் அப்பவே வேஸ்ட்ல போயிருக்கும் சார்."

"சனிக்கிழமைக்குள்ள காட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை வர வேண்டாம்."

வெளியே வரும்போது அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. கோபமாகக்கூட இல்லை. எதையோ கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல ஒரு பார்வை. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது. தப்பு செய்யாதவர்கள் சத்தம் போடுவார்கள்தானே?

சிவகாசியில் அச்சகத்து ஆள் வீட்டுக்குப் போனால் அடுப்படியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வேஸ்ட் தாள்தான் அலமாரி விரிப்பு. எங்கள் வீட்டில் அந்த லாரிக் காலண்டர்தான் பெரிய தாள், கெட்டித் தாள். வருசத்துக்கு ஒன்று கொண்டுபோவேன். மனைவி பழையதை எடுக்காமல் அதன்மேலேயே புதிதை விரிப்பாள். பந்தயத்தின் வரலாறு முழுவதும் மல்லி டப்பாவுக்கும் உளுந்து டப்பாவுக்கும் அடியில் அடுக்காக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை செய்த தப்பைக் கையும் களவுமாகக் காட்டிவிடலாம் என்று டப்பாக்களை இறக்க ஆரம்பித்தேன்.

வேனில் இருந்து இறங்கி வந்த மனைவி அப்படியே நின்றாள்.

"ஏங்க, என்னத்தத் தேடுறீக? அடுப்படிக்குள்ள உங்களுக்கு என்ன சோலி?"

"ஊரடங்கு வருசத்துத் தாளு."

"அந்த வருசம் கேஸ் மூடியிருக்கான்னு நாலு தடவை எந்திரிச்சுப் பாத்தீகளே, அதைத் தவிர என்ன கண்டோம்? தள்ளுங்க, நான் எடுக்கேன். மொளகாப்பொடியக் கொட்டிருவீக."

அவள்தான் உருவினாள். மஞ்சள் கறையும் எண்ணெய் வட்டமுமாக வந்தது. அது வேஸ்ட் தாளே இல்லை, அச்சடிப்பதற்கு முன்னால் திருத்தம் எழுதிக் கொடுக்கிற புரூப். அந்த வருசம் புரூப் பார்க்கிறவர் ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. முதலாளி அந்த வேலையையும் என்னையே பார்க்கச் சொன்னார். எட்டாம் வகுப்புக்காரனை நம்பிக் கொடுத்திருக்கிறார்களே என்று ஒரு எழுத்து விடாமல் பார்த்தேன். அதெல்லாம் மறந்தே போயிருந்தது. இல்லை, மறந்தேனா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது கட்டத்தில் படம் இல்லை. சின்னதாக, எனக்கு அர்த்தம் தெரியாத ஒரு இங்கிலீஷ் வரி மட்டும். பக்கத்தில் பென்சிலில், என் கோணல் கையெழுத்தில்: "கட்டம் காலி. போன வருசப் படமும் வரியும் போடவும்."

எங்கள் தொழிலில் காலிக் கட்டம் என்றால் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. தேதி இல்லாத கட்டத்தோடு காலண்டர் போனால் அத்தனையும் திரும்பி வரும். அதனால் படம் வந்து சேராவிட்டால், வருகிற வரைக்கும் பழைய படத்தைப் போட்டு இடத்தைப் பிடித்து வைப்போம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளை அப்படியே செய்தது. சரியான படம் வரவே இல்லை, வருவதற்கு அப்படி ஒன்று இருந்தால்தானே! கடைசியில் மிஷினில் இருந்து வந்த தாளைச் சரி என்று அடுக்கியதும் நான்தான். அதற்கப்புறம் வருசா வருசம் அதே பைலில் ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

"என்ன எழுதிருக்கு?" என்றாள் மனைவி. அவளுக்கு என் எழுத்து புரியாது.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா ஏன் தாள மடக்குறீக?"

சொன்னேன். அவள் உளுந்து டப்பாவைத் துடைத்துத் திரும்ப வைத்தாள். பிறகு, "எங்க வேன்ல ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளைய ஏத்திவிட்டுருவமா?" என்றாள்.

அந்தத் தாள் எங்கள் வீட்டில் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. அடுப்பில் வைத்தால் முடிந்தது. அது எனக்கும் தோன்றியது என்று எழுதத்தான் வேண்டும். தாளைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். விடிகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். யார் வந்து எடுக்கப் போகிறார்கள்? எனக்கு சந்தேகம் என் மேல்தான்.

சனிக்கிழமை முதலாளி மேஜையில் விரித்தேன். ஏஜென்டும் இருந்தார், அந்த இங்கிலீஷ் வரியை வாசித்து, 'ஊரடங்கால் இந்த வருசம் பந்தயம் இல்லை' என்று அர்த்தம் சொன்னார். முதலாளி பென்சில் எழுத்தைப் படித்தார், மஞ்சள் கறையை விரலால் தடவி மோந்து பார்த்தார்.

"இதை ஏன்யா அன்னைக்கே சொல்லலை?"

"எனக்கே நேத்துத்தான் தெரியும் முதலாளி."

அவர் நம்பினாரா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. "இனிமே நீரு புரூப்பைத் தொடக் கூடாது. தாளை மட்டும் பாரும்" என்றார். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார். அது தாளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"உங்க எழுத்துன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு அண்ணாச்சி. தாளு இல்லாம எப்படிச் சொல்ல?"

எனக்குத் தலை நிமிரவில்லை.

ஏஜென்ட் போகும்போது ஒன்று சொன்னார். அந்த மீசைக்காரர் நம் காலண்டரைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாராம். இரண்டு தடவை ஜெயித்தவர் என்றுதான் ஊரில் பெயராம். "அவருக்குத் தெரியாமலா இருக்கும் அண்ணாச்சி? நடக்காத பந்தயம்னு அவருக்குத் தெரியாதா?"  தெரிந்திருக்கும். சொல்வதற்கு அவருக்கு ஒரு வாரம் பிந்தியிருக்கும், பிறகு ஒரு வருசம்.

போன வாரம் இந்த வருசக் காலண்டரின் கடைசித் தாள் மிஷினில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மிஷின்மேன் கத்தினார்.

"அண்ணாச்சி! ஒரு கட்டம் காலியா விழுது! நிறுத்தட்டுமா?"

"அது அப்படித்தான். ஓடட்டும்."

ஒவ்வொரு தாளாக எடுத்து, அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்து அடுக்கினேன்.