தார்யெய் வீட்டின் ஐந்து ஜன்னல்கள்

தார்யெய்க்குக் கோபமோ துக்கமோ வந்தால் வாயைத் திறக்கமாட்டான். எதையாவது இழைக்கத் தொடங்கிவிடுவான். நார்வேயில் அப்பா இறந்த அன்றும் அப்படித்தான். அவன் இழைத்த பலகைகளிலேயே சவப்பெட்டி தயாரானது. அப்போது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அப்பாவின் மடக்கு அளவுகோல் அன்று அவன் சட்டைப்பைக்குப் போனது. கடல் தாண்டி டகோடாவுக்கு வந்தபோதும் அந்தப் பையில்தான் இருந்தது.

டகோடாவில் அவன் கைபடாத களஞ்சியம் அந்த வட்டாரத்தில் குறைவு. தேவாலயக் கதவும் அவன் வேலைதான். அந்தக் கதவு எந்த மழைக்கும் உப்பியதில்லை என்று அவன் அக்கா குன்வோர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். ஆனால் ஊருக்கெல்லாம் மரவீடு கட்டியவனின் குடும்பம் மண்வீட்டில் இருந்தது. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிய சுவர். பனி உருகினால் சூப்புக் கிண்ணத்தில் சேறு சொட்டும். போன குளிர்காலம் முழுவதும் கடைக்குட்டி ஓஸ்னே இருமிக்கொண்டே கிடந்தாள். கடைசியில் தலையணையில் ரத்தம் தெரிந்தது. அதைத் துவைக்க எடுத்துப்போன குன்வோரிடம் தார்யெய் சொன்னான்: "அக்கா, அடுத்த பனி விழறப்போ இவ இந்தக் குழிக்குள்ள இருக்கமாட்டா."

கோடை முழுவதும் பகலில் பிறர் வேலை, மாலையில் சொந்த வீடு. சுவர் எழும்பியது, கூரை ஏறியது. ஜன்னல்களை மட்டும் அங்குலக் கணக்கு எழுதி அனுப்பி, கண்ணாடி பொருத்திய சட்டங்களாகவே நகரத்து ஆலையில் கேட்டிருந்தான். அறுவடை முடிந்த கையோடு அவை வந்து சேர்ந்தன.

முதல் ஜன்னலைத் தூக்கி வைத்தான். அது திறப்புக்குள் லொடலொடவென்று ஆடியது. சுற்றிலும் கட்டைவிரல் நுழையும் சந்து. மற்ற நான்கும் அப்படியே. அப்பாவின் அளவுகோலை வைத்துப் பார்த்தான்.

"திருட்டுப் பசங்க! கேட்டதுக்குக் குறைச்சலா அனுப்பியிருக்கானுங்க."

பக்கத்துப் பண்ணை எலோஃப் காப்பிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்வீடன்காரன், நார்வேக்காரர்களைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. தன் அளவுகோலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"ஆலைக்காரன் ஒண்ணும் திருடலப்பா. உன் அங்குலம்தான் பெருசு. உங்க ஊர்ல மலை பெருசு, மூக்கு பெருசு, அங்குலமும் பெருசு. நான் வந்த முதல் வாரமே இந்த ஊர்க் கோலை வாங்கிட்டேன்."

குன்வோர் குனிந்து பார்த்தாள். இரண்டு கோல்களின் கோடுகளும் முதலில் கூடவே வந்தன. போகப்போக விலகிக்கொண்டே போயின. களஞ்சியமும் கதவும் முழுக்க அவன் ஒரே கோலால் அளந்து அறுத்தவை; அதனால் இதுவரை பிசகவில்லை. அடுத்தவன் செய்த பொருளோடு சேரவேண்டியது இதுதான் முதல் தடவை.

தார்யெய் இழைப்புளியைத் தேடினான்.

இழைக்கத்தான் மரம் இல்லை. அந்தப் புல்வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. பலகை ரயிலடியிலிருந்துதான் வரவேண்டும். வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. வடமேற்கில் வானம் ஈயம்போலக் கறுத்திருந்தது. மாட்டுவண்டி போய்த் திரும்புவதற்குள் பனி விழுந்துவிடும்.

"சந்துல களிமண்ண அப்பிடலாம், தார்யெய்," என்றாள் மனைவி சிக்ரூன். "இந்த வருஷம் ஓட்டிடலாம்."

"காய்ஞ்சா விரிசல் விடும். காத்து நேரா அவ நெஞ்சுக்குத்தான் போகும்."

தன் தச்சு மேசையை வெளியே இழுத்துப் போட்டான். குளிர்காலப் பிழைப்பே அந்த மேசைதான். சிக்ரூன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ரம்பம் பாதிப் பலகை இறங்கிவிட்டது. கீற்றுக் கீற்றாக அறுத்து, இழைத்து, சட்டத்தைச் சுற்றி அடித்தான். நான்கு ஜன்னல்கள் அசையாமல் உட்கார்ந்தன. ஐந்தாவதற்கு மரம் போதவில்லை. அது குழந்தைகள் அறையின் ஜன்னல், வடக்குப் பார்த்தது.

அவன் கண் வண்டியைப் பார்த்தது, கட்டிலைப் பார்த்தது. குன்வோரின் பெட்டியை மட்டும் பார்க்கவில்லை. நீலத்தில் சிவப்புப் பூக்கள் எழுதிய பெட்டி; ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே சாமான். பார்க்காமல் இருக்க அவன் படும் பாடே அவளுக்குப் போதுமாக இருந்தது. துணிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டுப் பெட்டியை இழுத்துவந்தாள்.

"வேண்டாம்க்கா. அது உன் கல்யாணத்துக்குச் செஞ்சது."

"கல்யாணம்தான் நடக்கலையே. அறுடா. பெட்டிக்கு இருமல் வராது."

பூக்கள் அறைக்குள் தெரியும்படி அவன் கீற்றுகளை அடித்தான். கடைசி ஆணி இறங்கும்போது வெளியே பனி தூறத் தொடங்கியிருந்தது. சிக்ரூன் ஓஸ்னேயைப் போர்வையோடு தூக்கிவந்தாள். தார்யெய் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னல் சட்டத்தை ஒட்டிச் சுற்றிலும் பிடித்தான். சுடர் எங்கும் அசையவில்லை.

மறுநாளே எலோஃபிடம் தனக்கும் ஊர்க்கோல் ஒன்று வாங்கிவரச் சொல்லிவைத்தான். புது மேசை வரும்வரை அந்தக் குளிர்காலம் தரையில் மண்டியிட்டே வேலை செய்தான். அப்பாவின் அளவுகோல் ஐந்தாம் ஜன்னல் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. பிள்ளைகளின் உயரம் பார்க்க மட்டும் இறங்கும்.

வசந்தத்தில் ஓஸ்னேயைச் சுவரோடு நிறுத்தி அளந்தான். மண்வீட்டுக் குளிர்காலத்தில் கொஞ்சமும் வளராதவள் இரண்டு விரல் உயர்ந்திருந்தாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது, ஆனால் இருமவில்லை.

"ஊர்க்கோல்ல அளந்தா இன்னும் உயரமா வருவாளேப்பா," என்றான் எலோஃப்.

"வேணாம்," என்றான் தார்யெய். "இதுல வளர்ந்ததே போதும்." பென்சிலை அக்காவிடம் கொடுத்தான். குன்வோர் குழந்தையின் தலைக்கு நேராகக் கோடு போட்டாள்.