நிரம்ப எத்தனை நேரம்?

தெருவில் அவளை எல்லோரும் முட்டைக்காரி என்பார்கள். ஆனால் அவள் முட்டை விற்பதில்லை. பின்னறையில் அலமாரி அளவு பொரிப்புப் பெட்டி வைத்து, முந்நூறு முட்டைகளை இருபத்தொரு நாள் சூட்டில் காத்துக் குஞ்சாக்கிக் கொடுக்கிறாள். கணவன் விட்டுப் போனபின் அவளும் மகளும் தலை நிமிர்ந்து நடப்பது அந்தப் பெட்டியால்தான்.

சென்ற மாதம் பேட்டரி அவளைக் கவிழ்த்துவிட்டது. பஸ் பணிமனை மெக்கானிக்கான அவள் அண்ணன், "பஸ்ஸையே கிளப்புது, உன் பெட்டி எம்மாத்திரம்?" என்று ஒரு பழைய பஸ் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். பஸ்ஸைக் கிளப்ப ஒரு நொடி முறுக்கு போதும். மணிக்கணக்கில் இழுக்க அதற்கு மூச்சு கிடையாது. மூன்று மணி நேர மின்வெட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் படுத்துவிட்டது. அவள் சந்தையிலிருந்து ஓடி வருவதற்குள், காற்றாடி நின்ற பெட்டிக்குள் பதினெட்டாம் நாள் முட்டைகள் மூச்சுமுட்டிப் போயிருந்தன.

"போதும்மா. பெட்டிய வாங்க ஆள் பார்த்துட்டேன். எங்க கேன்டீன்ல பாத்திரம் கழுவ ஆள் கேக்குறாங்க" என்றார் அண்ணன்.

"இன்னும் ஒரே ஒரு ஈடு வைப்பேன். அதுவும் போச்சுன்னா நீங்களே வந்து தூக்கிட்டுப் போங்க."

மறுநாள் பேட்டரிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெரிய ஈய பேட்டரியைத் தட்டிக் காட்டினார். "நூத்தைம்பது ஆம்பியர். கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க. பக்கத்துல இருக்குற அந்த லித்தியம் பேட்டரி வெறும் நூறுதான். அதெல்லாம் பங்களாக்காரங்களுக்கு."

"தீர்ந்து போனா திரும்ப நிரம்ப எத்தனை நேரமாகும்?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு நேரம் ஓடும்னுதான் எல்லாரும் கேப்பாங்க."

"எங்க தெருவுல காலையில மூணு மணி நேரம் போகும், மத்தியானம் மூணு மணி நேரம் போகும். நடுவுல ரெண்டு மணி நேரம்தான் கரண்ட். அதுக்குள்ள இது நிரம்புமா?"

"நிரம்பும், நிரம்பும்."

"அப்ப நிரப்பிக் காட்டுங்க."

பெட்டியின் சூட்டுக்கும் காற்றாடிக்கும் ஈடாக இரண்டு பேட்டரியிலும் பல்புகளை மாட்டச் சொன்னாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரிய பேட்டரி விலைபோகும் ஆசையில் கடைக்காரரும் சம்மதித்தார். மூன்று மணி நேரம் எரியவிட்டு, இரண்டு மணி நேரம் சார்ஜில் போட்டு, மறுபடி எரியவிட்டார்கள். வந்த வாடிக்கையாளர் ஒருவர், "என்னங்க, கடையில குடிவந்துட்டாங்களா?" என்றார். "வாடகை கேட்டா கொடுக்கமாட்டேன்" என்றாள் அவள், பல்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாம் முறை, இரண்டேகால் மணி நேரத்தில் ஈய பேட்டரியின் பல்புகள் அணைந்தன. அது நிரம்பப் பத்து மணி நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தொண்டை நனைந்ததோடு சரி. சின்ன எண் எழுதிய லித்தியம் அந்த இடைவெளியில் முழுதாக நிரம்பி, கடைசிவரை எரிந்தது.

"அந்த பேட்டரிக்கு உங்க பழைய இன்வெர்ட்டர் ஆகாதே" என்று கடைசி அம்பை விட்டார் கடைக்காரர்.

"தெரியும். ஆகுற இன்வெர்ட்டரையும் எடுங்க." கழுத்துச் சங்கிலி அன்றைக்கே கழன்று அடகுக் கடைக்குப் போனது.

புது ஈடு வைத்த இருபத்தொன்றாம் நாள் மத்தியானம். மின்சாரம் போய் இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் வாசலில் தள்ளுவண்டியோடு நின்றார். "எனக்குத் தெரியாதா? இந்நேரம் நின்னிருக்கும். வழி விடு, பெட்டிய எடுத்துடலாம்."

பின்னறையில் காற்றாடி உறுமியது. அதற்கும் மேலே நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுத் தொண்டைகள் ஒன்றாகக் கீச்சிட்டன. அண்ணன் உள்ளே காலெடுத்து வைத்தார். அவள் நிலைப்படியில் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"அங்கேயே நில்லுங்கண்ணே. இன்னும் பாதி வெளிய வரணும். பெட்டிக் கதவத் திறந்தா சூடு போயிடும்."