உப்பு நைனாவின் வேலை

மாவுப் பையின் வாயை முறுக்கி ரப்பர் போட்டு, ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் தாட்சாயிணி கையில் கொடுப்பாள். ஒழுகாது என்று நமக்கே தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டும். கொரட்டூரில் எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளுக்கும் காலை ஆறு மணிக்கு இட்லி மாவு அவள் ஸ்கூட்டரில்தான் வரும். வயது இருபத்தாறு. நின்று நாலு வார்த்தை பேசலாம் என்றால், "மொதல்ல மாவ உள்ள வைங்கக்கா, பொங்கிடும்" என்பாள்.

அவள் வீட்டில் ஆளுக்கொரு வேலை. அரைப்பதும் கொண்டுவந்து கொடுப்பதும் இவள். உப்புப் போட்டுக் கரைப்பது அப்பா ஏகாம்பரம். பக்கத்து ஊரான பாடியில் லேத் பட்டறையில் இருந்தவர். உப்பையும் மைக்ரோமீட்டரில் அளக்காத குறைதான். ஒருவர் வேலையை இன்னொருவர் தொடக் கூடாது. ஏழு வயதில் டிரம்மில் தண்ணீர் பிடிப்பது இவள் வேலை. ஒருநாள் மறந்துவிட்டாளாம்.

"யாரும் திட்டல. யாரும் புடிக்கவும் இல்ல. மொத்த ஊடும் குளிக்காம குந்திகினு கீது. நானேதான் பம்பு அட்ச்சி ரொப்புனேன்" என்று சிரிப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. சின்னக் குழந்தையை அப்படியா விடுவார்கள்?

போன செவ்வாய்க்கிழமை மாவு கொடுத்துவிட்டுப் போனவள் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள். ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏகாம்பரம், மடியில் உப்புப் பாக்கெட். முந்தின நாள் பிரிக்காமல் அலமாரியிலேயே இருந்ததாம். "யாரும் இட்லி ஊத்தாதீங்க, மாவுல உப்பு இல்ல" என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே போட்டிருந்தாள். நாங்களே போட்டுக்கொள்கிறோம், இதெல்லாம் ஒரு விஷயமா என்றேன். அப்பாவும் மகளும் என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை.

"நீ குந்து நைனா. மூணு மாடி, முட்டி தாங்காது. நான் போய்ச் சொல்றேன்."

"உப்பு யாரு வேல?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து நாலு மாதம்தான் ஆகிறது. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது.

"மறந்தவன் நான். நாந்தான் சொல்லணும். கைய வுடு."

விட்டாள்.

பால் பாக்கெட்டோடு நானும் பின்னாலேயே ஏறினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உப்புப் போட மறந்துட்டேம்மா" என்று சொல்லி, ஸ்பூனால் அளந்து கொடுத்துக்கொண்டே போனார். இரண்டாவது மாடி தாண்டியதும் கால் நடுங்கியது. விழுந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த படியில் காலை வைத்தார்.

இரண்டு படி கீழே தாட்சாயிணி, அவரைத் தொடாமல், இரண்டு கைகளையும் விரித்தபடியே ஏறிக்கொண்டிருந்தாள்.