குழாய்க்குள் மஞ்சள் தண்ணீர்

சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகும் வழியில் ஒரு பூச்சிமருந்து ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அதை மூடிய பிறகுதான் தெரிந்தது, வேண்டாத மருந்தையெல்லாம் பல வருடமாகக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருக் கிணறு கெட்டுப்போய், மேலே கம்பி போட்டு மூடிவிட்டார்கள். கெட்ட மண்ணை அள்ளிச் சுத்தம் செய்யும் அலுவலகத்தில்தான் எனக்கு முதல் வேலை. மாதம் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய், வேலை எதுவரை வந்திருக்கிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும்.

மைக் கையில் வந்தால் எனக்குக் கால் தரையில் பாவாது. "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்து, மண் எத்தனை லோடு போனது, தண்ணீரில் மருந்து எவ்வளவு குறைந்தது என்று கையை ஆட்டி ஆட்டி முழங்குவேன். களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா. ஆடிக்கு ஆத்தாளுக்குக் கூழ் ஊத்தணும். கெணத்தத் தொறப்பீங்களா, மாட்டீங்களா?"

அம்மன் கூழுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் ஆகும். மூடியதிலிருந்து கூழே ஊற்றவில்லை. இந்த ஆடிக்குத் திறந்துவிடுவோம் என்று நான் வேறு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். கடைசிப் பரிசோதனை மட்டும் பாக்கி.

கிணற்றோரம் தண்ணீர் எடுத்துப் பார்க்க ஒரு குழாய் இறக்கியிருந்தோம். அதற்குள் புட்டியை விட்டு இழுத்தேன். தண்ணீர் மஞ்சளாக வந்தது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓட்டமாக ஓடி அதிகாரியிடம் நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இது மருந்து இல்ல. சமையல் மஞ்சள்."

தெருவுக்குப் போய்க் கேட்டால், ஒளிவுமறைவே இல்லை.

"நாங்கதான் ஊத்தனோம். அம்மை எறங்கினா மஞ்சளும் வேப்பலயும் போட்டுத் தலைக்கு ஊத்தறதில்லையா? நீதான மைக்குல சொன்ன, வெஷம் கம்மியாயிடுச்சின்னு? கெணறு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

குழாயின் மூடியைப் பூட்ட மறந்தது நான்தான். யாரைக் கோபித்துக்கொள்வது? மைக்கை எடுத்து, "குழாய்க்குள் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்" என்றேன். 'பொதுமக்களை' வரும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் சிரிப்பு தெருமுனை வரை ஒலிபெருக்கியில் போனது. அவர்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

குழாயை இறைத்துக் கழுவி, மறுபடி தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஆடி பிறந்து ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு முடிவு வந்தது: நல்ல தண்ணீர். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது; ஆட்டோவிலிருந்து இறங்கும்போது குதிக்கவே செய்தேன். கம்பியை அகற்றினார்கள். நான் முடிவை எண் எண்ணாக வாசித்தேன். குடிக்கலாம் என்று மூன்று தடவை சொன்னேன்.

ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் மட்டும் வாளியை விட்டுச் சேந்தி, சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவள் வாளியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி மடமடவென்று குடித்தேன்.

"குடிச்சிட்டாடீ!" என்று ஒரு குரல் எழுந்தது.

அத்தனை குடங்களும் ஒன்றாகக் கிணற்றுக்கு ஓடிவந்தன. அறிக்கையில் பாக்கியிருந்த இரண்டு பக்கத்தையும் நான் மைக்கில் வாசித்தேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை.