மாடிக்கு வந்த பழைய செங்கல்

செவ்வாய்க்கிழமை காலை. கையில் காபி. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை – மாடியிலிருந்து சத்தம்.

"ஏய்... இங்கன வா! சீக்கிரம் வா!"

என் வீட்டுக்காரர் கத்துகிற ஆள் இல்லை. லோயர் கேம்ப் மின்நிலையத்தில் டர்பைன் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்தவர். அங்கே கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் கையை ஆட்டியே பேசிப் பழகியவர். அவர் கத்துகிறார் என்றால்?

ஓடினேன். மீன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால்... ஜிலேபி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. சிலது ஏற்கெனவே மல்லாந்துவிட்டன.

கரண்ட் இருக்கிறதா? இருக்கிறது. மோட்டார்? ஓடுகிறது. காற்றுக் குழாய்? குமிழி விடுகிறது. பிறகு என்னதான் கேடு?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ரிட்டயர் ஆனபிறகு இந்த மனிதருக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போவார், வருவார். ஃப்ரிட்ஜைத் திறப்பார், மூடுவார். நான் எழுத உட்கார்ந்தால் பின்னாடி வந்து நிற்பார். "என்னங்க வேணும்?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். ஒன்றுமில்லாமல் ஒரு ஆள் நாள் முழுக்க நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எனக்கும் கால் பரபரக்க ஆரம்பித்துவிட்டது. கோபம் வேறு... கோபத்துக்கு அடியில் பயம். ராத்திரி பகல் ஷிப்ட் பார்த்த உடம்பு, இப்படியே சுற்றிச் சுற்றி ஒருநாள் படுத்துவிடுமோ என்று.

அப்போதுதான் அக்வாபோனிக்ஸ் வந்தது. யூடியூப் தந்த வரம்!

ஒன்றுமில்லை – கீழே மீன் தொட்டி, மேலே செடித் தொட்டி. மீன் கழிவோடு இருக்கிற தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். அங்கே மண் கிடையாது, கல்தான். கல்லில் ஒட்டி வளர்கிற பாக்டீரியா அந்தக் கழிவை உரமாக மாற்றும். செடி அதைச் சாப்பிடும். சுத்தமான தண்ணீர் மறுபடி மீனுக்கு இறங்கும். ஆக மொத்தம் எல்லாமே அந்தக் கல்லில்தான் இருக்கிறது.

எந்தக் கல்? ஜல்லி போட்டால் தளம் தாங்குமா என்று நான் சண்டை பிடித்தேன். கடையில் விற்கிற களிமண் உருண்டையோ, விலையைப் பார்த்ததும் அவரே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். சரி, மாற்று தேடுவோம் என்று கிளம்பினார் மனிதர். தேங்காய் மட்டையை நறுக்கிப் போட்டார். தண்ணீர் டீ டிகாஷன் ஆனது. பழைய டயரை வெட்டிப் போடலாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அன்றோடு சரி.

ஆனால் ஒன்று... அவர் நடை நின்றுவிட்டது! காலையில் மாடி, மத்தியானம் மாடி, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "இந்தா வாரேன்". எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மீன் வளர்கிறதோ இல்லையோ, இவர் பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

போன வாரம் கோம்பையிலிருந்து என் தம்பி முருகேசன் வந்தான். திராட்சைத் தோட்டக்காரன். மருந்து கலக்குகிற பழைய தொட்டியை இடித்துவிட்டுப் புதுசாகப் பிளாஸ்டிக் டேங்க் வாங்கியிருக்கிறான். இடித்த செங்கல்லை மூட்டை கட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்கினான்.

"மச்சான், அந்தக் காலத்துச் சூளைச் செங்கல்லு. தூக்கிப் போட மனசு வரல. உங்க தொட்டிக்கு ஆகும்ல?"

அவருக்கு வாயெல்லாம் பல். உட்கார்ந்து சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தார். நெல்லிக்காய் சைஸுக்கு உடைத்தார். அலசினார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சொட்டுவிட்டுப் பார்த்தார் – நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறதாம், தண்ணீரைக் கெடுக்குமாம். நுரைத்ததை எல்லாம் தூரப் போட்டார். பாஸான செங்கல்தான் தொட்டிக்குள் போனது. இவ்வளவு கவனம்!

அந்தச் செங்கல்லில் அங்கங்கே நீலம் இருந்தது. நான் பார்த்தேன். அவர் பார்த்தார். கொண்டுவந்த தம்பியும் பார்த்தான். மூன்று பேரில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? வெளியூர்க்காரர் யாராவது இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீலம் ஒரு நிறமே இல்லைங்க. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத்தானே கொடிக்கு அடிக்கிறோம்? இலை நீலம், பந்தல் கல்தூண் நீலம், ஸ்பிரேயர் நீலம், அடிக்கிற ஆளின் கைலி நீலம். என் அப்பாவின் பனியன்கள் வெள்ளையாக இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கண் பழகிப்போச்சு.

மறுபடி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். நான் முருகேசனுக்குப் போன் போட்டேன். மீன் மிதக்கிறது என்று சொன்னதுதான் தாமதம்...

"ஆமாக்கா, மருந்துத் தண்ணி பட்டா மீனு மெதக்கும்ல? வாய்க்கால்ல ஸ்பிரேயரக் கழுவுனா அப்பா எம்புட்டு வைவாரு!"

"ஏலே, இதைச் செங்கல்லு இறக்கும்போது சொல்றதுக்கென்ன?"

"காஞ்ச செங்கல்லு தானக்கா... அதுல என்ன இருக்கும்னு நெனச்சேன். நீயும் அங்கனதான நின்ன?"

போனை வைத்தேன். அப்பா வைததைக் கேட்டு வளர்ந்தவள்தானே நானும்? துத்தம் என்றால் செம்பு. செம்பு மீனுக்கு ஆகாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோரும் சேர்ந்து கோட்டை விட்டோம்.

மோட்டாரை நிறுத்தினோம். பெரிய அண்டாவில் புதுத் தண்ணீர் ஊற்றி, உயிரோடு இருந்ததை அள்ளி அள்ளி விட்டோம். காற்றுக் குழாயைப் பிடுங்கி அதில் போட்டோம். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் தப்பித்தது. செடித் தொட்டியில் புதுசாகத் துளிர்த்து நின்ற கீரையையும் பிடுங்கி எறிந்தேன். அதை யார் சாப்பிடுவது?

நானும் யோசித்துப் பார்க்கிறேன். பொண்ணு கொடுக்கிற வீட்டைப் பற்றி மூன்று ஊரில் விசாரிக்கிறோம். வாடகைக்கு வருகிறவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறோம். பழைய பொருளை மட்டும் "ரீசைக்கிள்" என்று சொல்லிவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடுகிறோம். எந்தப் பழசும் வெறுங்கையோடு வருவதில்லை. இத்தனை நாள் என்ன வேலை பார்த்ததோ, அதைக் கூடவே கொண்டுவருகிறது. என் வீட்டுக்காரர் டர்பைன் சுற்றுவதை வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி!

இதையெல்லாம் அவரிடம் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் வித்துருவோம்" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்து.

நடக்கக்கூட இல்லைங்க! நடந்து தொலையுங்களேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு. ஃப்ரிட்ஜையாவது திறங்களேன்! புதன் போனது, வியாழன் போனது. சாப்பிட எழுந்தார், படுத்தார். இப்போது வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தது நான். அண்டாவுக்குப் போவேன், மீனைப் பார்ப்பேன், வருவேன், அவர் முதுகைப் பார்ப்பேன்.

போனை எடுத்து அந்த முதுகுக்குப் படித்துக் காட்டினேன். "பாட்டில் மூடி போட்டாலே போதுமாம். பிளாஸ்டிக் மூடி. அதுலயே பாக்டீரியா ஒட்டி வளருமாம். கனமே கிடையாது. மிதக்காம இருக்க மேல கொஞ்சூண்டு ஜல்லி போட்டுட்டா..."

தோளைத் தட்டினேன்.

"கேக்குதா இல்லியா?"

திரும்பாமலே ஒரு குரல். "அந்த மூடி எந்த பாட்டில்ல இருந்ததாம்?"

அவ்வளவுதான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நானும் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆளைக் காணோம். மாடியில் இல்லை. செருப்பைக் காணோம். போன் மேஜைமேல் கிடக்கிறது. சொல்லாமல் வெளியே போகிற பழக்கமே கிடையாது... புடவையைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கப் போகிறேன், என் போன் அடிக்கிறது. பாண்டியம்மா. கல்யாண மண்டபத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவள்.

"மதினி, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதும் சேட்டமில்லையா?"

"ஏன், என்ன ஆச்சு? எங்கன இருக்காக?"

"மண்டபத்துப் பின்னாடி குப்பையக் கிளறிக்கிட்டு இருக்காக மதினி! ராத்திரி விசேஷத்துல குடிச்சுப் போட்ட பாட்டிலு எல்லாத்தையும் எடுத்து எடுத்து மூடியக் கழட்டுறாக. ஒவ்வொண்ணையும் மோந்து வேற பாக்குறாக! போறவன் வாறவன் எல்லாம் நின்னு பாக்கான். எம்புட்டுப் பெரிய வேலையில இருந்த மனுஷன்... எனக்கே ஒரு மாதிரி இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

"விடு பாண்டியம்மா," என்றேன். "அவுக வேலையா இருக்காக."