இணைச்சீரும் தங்கச்சிப் பாட்டும்

மார்கழியில் பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு லீவு விட்டால் ஊரே குஷியாகிவிடும். எனக்கு மட்டும் பிடிக்காது. தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். மெல்லிசைக் குழு என்று நோட்டீஸில்தான் போடுவார்கள், வாயில் வருவது ஆர்கெஸ்ட்ரா. கிறிஸ்துமஸுக்கு ஒரு சர்ச் மைதானம், புத்தாண்டுக்கு ஏதாவது ஒரு கிளப், பொங்கலுக்கு மில் காலனி, நடுவில் காரமடைப் பக்கம் ஒரு கோயில் நோம்பித் திருவிழா, தை பிறந்ததும் கல்யாண வரவேற்புகள். மற்றவர்களுக்கு லீவு என்றால் எங்களுக்கு வேலை. அதைக் குறை சொல்ல மாட்டேன், பஸ் டிரைவருக்கும் அப்படித்தான். எனக்குக் குமட்டியது வேலை இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்கள்.

முதல் பாட்டு சாமி பாட்டு. அது முடிகிற வரைக்கும்தான் மரியாதை. அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் விசில். துண்டுச்சீட்டுகள் மேடைக்கு வரும். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு, அந்த சீசனில் எது ஓடுகிறதோ அது. வாசித்து முடித்தால் ஒன்ஸ்மோர். மறுபடி வாசித்தால் மறுபடி ஒன்ஸ்மோர். சரணத்துக்கு முன்னால் வருகிற இசையைக் கேட்க ஒரு காது இருக்காது, அப்போதுதான் எல்லோரும் எழுந்து போய் முறுக்கு வாங்குவார்கள். குடித்துவிட்டு வந்த ஒருத்தன் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவான். மில் காலனியில் பெரிய மனிதர்கள் தங்கள் வீட்டுச் சின்னப் பெண்களை மேடையேற்றி, கண்ணடிக்கிற காதல் பாட்டுக்கு ஆடவிட்டுக் கை தட்டுவார்கள். அதே பெரிய மனிதர்கள்தான் நிகழ்ச்சி முடிந்து நான் வயலின் பெட்டியோடு இறங்கும்போது, "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று என் காதுபடப் பேசுவார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. சீ என்று இருக்கும்.

நான் மட்டும் சினிமாப் பாட்டே பிடிக்காத சன்னியாசியா என்றால், இல்லை. புதுப் படத்தின் கேசட் வருகிற நாளன்று டவுன்ஹால் பக்கம் ஒரு பாய் கடையில் முதல் ஆளாக நிற்பேன். பாய் எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். பாடகர் பாடும்போது நான் சும்மா இருப்பேன், வயலின்கள் கூட்டமாக வரும் இடத்தில் கையைக் காட்டுவேன். அவர் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போடுவார். "நீங்க பாட்டக் கேக்கறீங்களா, பாட்டுக்குள்ள எதையாச்சும் தேடறீங்களாம்மா?" என்பார். நோட்டைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த யாரோ நாற்பது ஐம்பது பேர் சென்னையில் ஒரு அறையில் உட்கார்ந்து அதை வாசித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கும். என் பைத்தியம் அது. அதனால் யாருக்கும் கேடு இல்லை.

என் அண்ணன் பைத்தியம் வேறு மாதிரி. துடியலூரில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடையைத் திறக்கிறானோ இல்லையோ, அவனுடைய அபிமான நடிகரின் ரசிகர் சங்கத்தைத் தினமும் திறப்பான். சங்கத்துக்கு அவன் செயலாளர். முடி அவரைப் போல, நடை அவரைப் போல, சட்டையின் மேல் பட்டன் போடாமல் விடுவதும் அவரைப் போல. படம் வருகிற அன்று கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவான். எங்கள் வீட்டில் காபிக்குப் பால் இல்லாத நாட்களும் உண்டு, அது அவனுக்குத் தெரியாது.

அந்த வருஷப் பொங்கலுக்கு அந்த நடிகருக்கு ஒரு படம் வந்தது. தங்கைக்காக உயிரையே விடுகிற அண்ணன் கதை. அதில் தங்கை கல்யாணத்தில் அண்ணன் பாடுகிற ஒரு பாட்டு. தங்கச்சிப் பாட்டு என்று சொன்னால் போதும், கோயமுத்தூரில் எல்லோருக்கும் தெரிந்தது. நடுவில் வயலின் தனியாக ஒரு ஓட்டம் வரும். நல்ல ஓட்டம், அதை ஒத்துக்கொள்கிறேன். என் அண்ணன் அந்தப் படத்தைப் போய்ப் போய்ப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கண் வீங்க அழுதுவிட்டு வருவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ற சட்டைய இன்னுமா தொவைக்கல?" என்று என் மேல் பாய்வான்.

கேசட் மார்கழியிலேயே வந்துவிட்டதால், பொங்கலன்று மில் காலனியில் அந்தப் பாட்டை எத்தனை ஒன்ஸ்மோர் வாசித்தோம் என்று எனக்கே தெரியாது. சங்கத்துப் பையன்கள் கொடியோடு முன்வரிசையில் இருந்தார்கள். அண்ணனும் அவர்களோடு இருந்தான். வயலின் ஓட்டம் முடிந்ததும் அதில் ஒருத்தன், "வயலின் அம்மணி, சித்தெ இந்தப் பக்கம் பாருங்க" என்று கத்தினான். மற்றவர்கள் விசிலடித்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கரும்பு கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தங்கைக்காக உயிரை விடுவதெல்லாம் திரையில்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

அவனுக்குத் தை மாதத்திலேயே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் காங்கேயத்துக்காரி, தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். எனக்கு அந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு ஆசை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை பலகையில் உட்கார, அவனோடு கூடப்பிறந்தவள் கல்யாணப்பெண் போலச் சிங்காரித்து, சீர்ப் பொருள்கள் வைத்த பேழைக்கூடையைக் கையில் ஏந்திப் பக்கத்தில் நிற்பாள். கூறைப்புடவையின் ஒரு முனை அவளிடம் இருக்கும், மறுமுனை அவனிடம் இருக்கும். அது இல்லாமல் கல்யாணம் இல்லை. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்துவார்கள். இவனுக்கு நான் ஒருத்திதான் தங்கை. பாவாடை கட்டிய வயசிலேயே அந்தக் கூடையை நான் ஏந்தியாகிவிட்டது, மனசில்.

கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணு என்று ஆரம்பித்தாலே எனக்குப் பயம்.

"கண்ணு, நான் சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. பொண்ணு ஊட்டுல ஒரு மாதிரி பேசறாங்களாமா. ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கற புள்ள சீருக்கு நிக்கறது வேண்டாங்கறாங்களாமா. பெரியப்பன் புள்ளைய நிறுத்திக்கலாம்னு அண்ணன் சொல்றான்."

"நான் இங்க உசுரோட இருக்கறப்பவா?"

"நீ எங்கயும் போயிரல கண்ணு. மண்டபத்துலதான இருக்கப் போறே."

மண்டபத்தில்தான் இருக்கப்போகிறேன் என்று அம்மா சொன்னதன் அர்த்தம் மறுநாள் எங்கள் குழுவின் மாஸ்டர் சொல்லித் தெரிந்தது. கீபோர்டு வாசிக்கிறவர், ஜிகினா சட்டைக்காரர். "உங்கண்ணன் கல்யாண ரிசப்ஷனுக்கு நம்ம குழுவத்தான் புக் பண்ணியிருக்காரு. தங்கச்சிப் பாட்டு நாமதான் நல்லா வாசிக்கறோமாம்" என்று சிரித்தார். ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவள் என்பதற்காகத் தங்கையை மணமேடையிலிருந்து இறக்கிவிட்டு, அதே ஆர்கெஸ்ட்ராவை அதே மண்டபத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கூத்து எங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் நடக்காது. அப்பாவிடம் போய்க் கேட்டேன். "உங்கண்ணனாச்சு, நீயாச்சு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

வரமாட்டேன் என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் கல்யாணத்தில் எங்கேயாவது ஓர் இடத்தில் நான் இருக்க வேண்டுமே. காங்கேயத்துக்காரர்களை மட்டும் வாய்க்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். முகம் தெரியாத அந்தப் பெண்ணைத்தான் அதிகம் திட்டினேன். வீட்டுக்குள் கால் வைக்குமுன்னே என் இடத்தைப் பிடுங்கிவிட்டாளே என்று வயிறு எரிந்தது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பொழுதோடு இணைச்சீர். மண்டபத்தின் ஒரு ஓரத்தில் போட்ட சின்ன மேடையில் நாங்கள் ஒயர்களைக் கோத்துக்கொண்டிருந்தோம். சீர் முடிகிற வரைக்கும் மைக் டெஸ்ட் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். பெரியப்பா மகள் என்னைவிடச் சின்னவள். பாவம், கூடை அவள் கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சீரை நடத்திய அருமைக்காரர், "கெட்டியாப் புடி அம்மணி" என்றார். அண்ணன் தலையைக் குனிந்தபடி புடவை முனையைப் பிடித்திருந்தான். வீடியோக்காரர் விளக்கை அவன் முகத்துக்கு அடித்தார். எங்கள் தபலாக்காரர் என் காதருகே, "உங்கண்ணனுக்குக் கூடப்பொறந்தவ நீங்கதானுங்களே?" என்று கேட்டார். ஒயரைப் பார்க்கச் சொன்னேன்.

வரவேற்பு ஆரம்பித்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் வெல்வெட் நாற்காலிகளில். நாங்கள் சாமி பாட்டு முடித்து, ஒரு டூயட் முடித்தோம். அந்த இடைவெளியில் அம்மா கையைக் காட்டினாள், குடும்பப் போட்டோவுக்கு வா என்று. வயலினை வைத்துவிட்டுப் போனேன். போட்டோக்காரர் என்னைப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. அவள்தான் முதலில் பேசினாள். பூவும் நகையுமாக இருந்தவள் மெல்ல என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏனம்மணி, சீருக்கு நீ நிப்பீன்னே நெனச்சுட்டு இருந்தேன். எங்கப்பாவும் கேட்டாங்க, கூடப்பொறந்தவ இருக்கறப்ப அவ நின்னாத்தானுங்க அழகுன்னு. நீ புரோகிராம்தான் முக்கியம், நிக்க முடியாதுன்னு சொல்லிப்போட்டியாமா?"

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"உங்கண்ணந்தான். எங்க ஊட்டுக்கே வந்து சொன்னாரு."

நான் அவளைத் தாண்டி அண்ணனைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. கேமராவுக்குக் காட்டின சிரிப்பைக் கலைக்காமல் பேசினான்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? சங்கத்துப் பசங்க பூராம் வந்திருக்கறாங்க. அன்னிக்கு உன்னையப் பாத்து விசிலடிச்சவனுக முன்னால நீ கூடையப் புடிச்சுட்டு என்ற பக்கத்துல நின்னா எனக்கு என்ன மருவாதி? சிரி, போட்டோ எடுக்கறாங்க."

விசிலடித்தவனுக்கு வெட்கம் இல்லை. விசிலைக் கேட்டுக்கொண்டு கரும்பு கடித்தவனுக்கும் இல்லை. வயலின் வாசித்தவளால்தான் மரியாதை போகிறதாம். அத்தனை நாள் காங்கேயத்தைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஃப்ளாஷ் அடித்தது. அந்தப் போட்டோவில் வேப்பெண்ணெய் குடித்தவள் மாதிரி நிற்கிறேன். நகரப் போனவளை அண்ணன் மறுபடி கூப்பிட்டான்.

"போயி அந்தத் தங்கச்சிப் பாட்டப் போடச் சொல்லு. மாப்பள விரும்பிக் கேட்டதுன்னு மைக்குல சொல்லோணும், மறந்துராத."

அருவருப்பு என்ற சொல்லைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது நாக்கின் அடியில் ஊறும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடைக்குப் போய் மாஸ்டரிடம், "மாப்பள தங்கச்சிப் பாட்டக் கேக்கறாருங்க, மைக்குல சொல்லிருங்க" என்றேன். வில்லைத் தளர்த்தினேன். வயலினைப் பெட்டியில் வைத்து மூடினேன். மாஸ்டர் கண்ணாலேயே என்னவென்று கேட்டார். "எனக்குப் பசிக்குதுங்க, சாப்பிடப் போறேன்" என்று சொல்லி இறங்கினேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. காலியாக இருந்த ஒரு இலையில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் பெண் வீட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தர், நன்றாகக் கவனித்துச் சாப்பிடுகிறவர். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. பல்லவி போனது, விசில் வந்தது. வயலின் வர வேண்டிய இடத்தில் மாஸ்டர் கீபோர்டிலேயே வயலினை வாசித்தார். தகர டப்பாவை இழுத்தது போல இருந்தது. நான் இல்லாதது தெரிந்து ஒரு ஆளாவது எழுந்து வெளியே வருவான் என்று சோற்றில் கை வைத்தபடி வாசலையே பார்த்தேன். யாரும் வரவில்லை. ஒன்ஸ்மோர் என்றுதான் கத்தினார்கள்.

கல்யாண மண்டபத்தில் அப்போதெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டிவி வைத்து வீடியோவைக் காட்டுவார்கள். அதில் அண்ணன் முகம் பெரிதாக வந்தது. கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தான். நிஜக் கண்ணீர்தான். பெரியப்பா மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, அவள் தலையில் கை வைத்தான், படத்தில் அந்த நடிகர் வைப்பது போலவே. அவள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நெளிந்தாள்.

பக்கத்து இலை அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"பாருங்க, மாப்பளைக்குத் தங்கச்சின்னா என்ன ஒரு பாசம். சீருக்கு நின்னுச்சே, அந்தப் புள்ளதானுங்க தங்கச்சி?"

"ஆமாங்க, அவதான்" என்றேன்.